யோகலட்சுமி தலையில் கட்டிய தப்பு

யோகலட்சுமி ஏதோ ஒரு ஃபைலைத் தப்பாக மாற்றிப் பூ மார்க்கெட்டையே கெடுத்துவிட்டு, வேலையை விட்டு ஓடிவிட்டாள் என்று சங்கரன்கோவிலில் இன்னும் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். போன வாரம் ரதவீதியில் வளையல் வாங்கும்போது என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். வளையலை வைத்துவிட்டு அங்கேயே சண்டைக்குப் போயிருப்பேன். என் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் பெயர் மெஹர்பானு. அந்த ஆபீசில் போன் எடுத்துக்கொண்டிருந்தவள். நடந்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடி. முதலாளி செல்வமணி. உரக்கடை, விசைத்தறிக்கூடம், பூக் கமிஷன் கடை என்று இந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். எழுதுவது ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில். எழுதுகிறவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் மகாராஜன். செல்வமணியின் மச்சினன். அவன் தலைவனானதற்கு வேறு காரணம் உண்டா என்று நானும் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

யோகலட்சுமிக்கு ஊர் பனவடலிசத்திரம். அப்பா இல்லை. அம்மா தங்கத்தாய் கொஞ்சம் நிலத்தில் மல்லிகை போட்டு, அந்தப் பூவிலேயே மகளைக் கோவில்பட்டியில் இஞ்சினியரிங் படிக்க வைத்தவள். யோகலட்சுமி படித்து முடித்துச் சென்னையில் சில வருஷம் வேலை பார்த்தாள். ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டால், “அங்க ஹோட்டல்ல சாம்பார்ல வெல்லம் போடுதானுவ பானுக்கா, மனுசன் சாப்பிடுவானா?” என்பாள். உண்மையான காரணம் அது இல்லை. தங்கத்தாய்க்கு முழங்கால் போய்விட்டது. செடி செடியாகக் குனிந்து பூப் பறிக்கக் கூட ஒரு ஆள் வேண்டும். இவள் விடியும் முன்னே எழுந்து அம்மாவோடு பறித்து முடித்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து ஆபீசுக்கு வருவாள்.

அடக்கமான பிள்ளை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில்லறை தராத கண்டக்டரிடம் அடுத்த ஸ்டாப் வரை சண்டை போடுவாள். சிரித்தால் கீழே ஜவுளிக்கடையில் சேலை பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பாதி நாள் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்து, கூச்சமே இல்லாமல் என் பாத்திரத்தைத் திறப்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான்.

அவள் வந்த புதிதில் எனக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. சிவகிரியில் ஒரு உரக்கடை. தினமும் காலையில் அங்கிருந்து போன் வரும். சாஃப்ட்வேரைத் திறந்தால் அப்படியே நிற்கிறது, அசையவே மாட்டேன் என்கிறது என்று புகார். மகாராஜனிடம் சொன்னால், “ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணச் சொல்லுங்க” என்பான். அதை நான் சொல்ல, அந்தக் கடைக்காரர் என்னைத் திட்ட, இப்படியே பொழுது போனது. யோகலட்சுமி ஒரு நாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அந்த உரக்கடையில் எடை போடுகிற வேலையே இல்லை, மூட்டைக் கணக்குத்தான். ஆனால் எங்கள் சாஃப்ட்வேர் திறந்தவுடன் எலக்ட்ரானிக் தராசு எங்கே, தராசு எங்கே என்று தேடிக்கொண்டு நின்றிருக்கிறது.

எல்லாக் கடைகளுக்கும் பொதுவான வேலைகளை ஒரே கட்டாகக் கட்டி (அப்படிக் கட்டியதை ஜார் என்பார்கள்), அதற்குக் காமன் ஜார் என்று பெயர் வைத்திருந்தார்கள். தராசோடு பேசுவது, பார்கோடு படிப்பது, எஸ்.எம்.எஸ். அனுப்புவது எல்லாம் அதற்குள் இருந்தன. அந்த வேலைகளுக்கு வெளியாட்கள் எழுதிய வேறு ஜார்கள் வேண்டும். எதெது வேண்டும் என்று போம் என்கிற ஒரு ஃபைலில் எழுதி வைப்பார்கள். மேவன் என்கிற கருவி அதைப் படித்து எல்லாவற்றையும் இழுத்து வந்து சேர்த்துவிடும். காமன் ஜார் தராசு ஜாரைக் கேட்டால், காமன் ஜாரை வாங்குகிற ஒவ்வொரு கடைக்கும் தராசு ஜாரும் ஒட்டிக்கொண்டே போய்விடும். எனக்கு இது முதலில் புரியவில்லை. அவள்தான் புரிய வைத்தாள்.

“கல்யாண வீட்டுக்குச் சமையல்காரர் வருதாரு பானுக்கா. அவருக்கு வடை சுடவும் தெரியும், பாயசம் வைக்கவும் தெரியும். அதுக்காகக் கிரைண்டரத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு எல்லா வீட்டுக்கும் போவாராக்கும்? வடை வேணும்ங்கிற வீடு கிரைண்டர எடுத்து வைக்கணும். பாயசம் மட்டும் போதும்ங்கிற வீட்டுக்கு எதுக்கு அது? நம்ம காமன் ஜாரு எல்லா வீட்டுக்கும் கிரைண்டரோட போவுது. சிவகிரியில வாசல்லயே சிக்கிக்கிட்டு நிக்கு.”

அவள் செய்தது இதுதான். காமன் ஜாரின் போமில் தராசு, பார்கோடு, எஸ்.எம்.எஸ். ஜார்களுக்குப் பக்கத்தில் ஆப்ஷனல் என்று குறித்தாள். அப்படிக் குறித்தால் காமன் ஜாரைக் கட்டும்போது அவையெல்லாம் கையில் இருக்கும். ஆனால் கடைகளுக்குத் தானாகப் போய் ஒட்டாது. எந்தக் கடைக்கு எது வேண்டுமோ, அதை அந்தக் கடையின் போமில் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டால், காமன் ஜாருக்குத் தராசோடு பேசத் தெரியும், பேசுவதற்குச் சாமான் இருக்காது. அதனால் சாஃப்ட்வேர் திறந்தவுடனே சாமான் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திரையில் பெரிதாக இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றாள். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் இதைக் கொட்டை எழுத்தில் எழுதியும் போட்டாள். உரக்கடைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் அவளே உட்கார்ந்து செய்து முடித்தாள்.

சிவகிரியிலிருந்து போன் வருவது நின்றது. நான் அவளுக்கு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

பூக் கமிஷன் கடை மட்டும் மகாராஜன் கையில் இருந்தது. பூ மார்க்கெட்டில் தங்கப்பழம் அண்ணாச்சியின் கடை. எங்களிடம் இருந்ததிலேயே பெரிய வாடிக்கை. அதை மச்சினன்தான் பார்க்க வேண்டும் என்று செல்வமணிக்கு எண்ணம். யோகலட்சுமி போய்க் கேட்டபோது, “நான் பாத்துக்கிடுதேன்” என்றான் மகாராஜன். அப்படிச் சொன்னால் பார்க்க மாட்டான் என்று அர்த்தம். ஆபீசில் எல்லாருக்கும் அது தெரியும்.

இங்கே ராசி மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்வமணி தொழில் தொடங்கியபோது வாங்கிய முதல் கம்ப்யூட்டர் அது. ஆயுத பூஜைக்கு மற்ற மெஷின்களுக்கு ஒரு பொட்டு என்றால், அதற்கு மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. எந்தக் கடைக்குப் புதுசாக எது போனாலும் அதில் கட்டி, அதில் ஓட்டிப் பார்த்து, அதிலிருந்துதான் போக வேண்டும், அதுவும் நல்ல நேரத்தில். நான் இதைக் கேலி செய்யவில்லை. நானும் பிஸ்மில்லா சொல்லாமல் போனைத் தொடுவதில்லை. ஆனால் பிஸ்மில்லா சொன்னதற்காக வயர் அறுந்த போனில் மணி அடிக்கும் என்று நான் யாரிடமும் வாதாடியதில்லை.

யோகலட்சுமி அந்த மெஷினைத் துருவிப் பார்த்துவிட்டுச் செல்வமணியிடம் போனாள்.

“அண்ணாச்சி, அதுல ஊர்ப்பட்ட குப்ப கெடக்கு. ஜாவா போல்டருக்குள்ளயே தராசு ஜார யாரோ எப்பவோ போட்டு வச்சிருக்காவ. போம்ல எழுதினாலும் தராசு ஓடும், எழுதாட்டியும் ஓடும். அதுல ஓடுதுன்னு வச்சு எப்படி நம்புதது?”

“ஏம்மா, அந்த மெஷின்ல இருந்து போன எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல. நீ அதுமேல கைய வைக்காத.”

“கைய வைக்கல. புதுசா ஒரு மெஷின்லயும் ஓட்டிப் பாத்துட்டு அனுப்புவோம்னுதான் சொல்லுதேன்.”

“பாக்கலாம் பாக்கலாம்” என்றார். பார்க்கவில்லை.

கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறப் போகிற சமயம். பூ மார்க்கெட்டில் நிற்க இடம் இருக்காது. தங்கப்பழம் அண்ணாச்சி அதற்காகவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, புது சாஃப்ட்வேரைக் கேட்டிருந்தார். அனுப்புகிற அன்று காலையில் யோகலட்சுமி என் மேஜைக்கு வந்து, “ஒங்க மெஷின்ல ஒண்ணும் கெடையாது பானுக்கா, சுத்தமா இருக்கு. இதுல ஒருதரம் ஓட்டிப் பாத்துருவோம்” என்றாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன். அதற்குள் மகாராஜன் வந்துவிட்டான்.

“நான் ஓட்டிப் பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“எதுல ஓட்டினிய?”

“எதுலயா? ராசி மெஷின்லதான்.”

“போம்ல தராசு ஜார எழுதினியளா அண்ணே? அத மட்டும் சொல்லுங்க.”

“எனக்கே பாடம் நடத்துதியா? எதுக்கெடுத்தாலும் ஒரு சண்ட. நல்ல நேரம் முடியப் போவுது, தள்ளு.”

செல்வமணியும் உள்ளேயிருந்து, “அனுப்புங்கப்பா, ராகு காலம் வருது” என்று குரல் கொடுத்தார். அவள் கத்தினாள். கெஞ்சியும் பார்த்தாள். அவர்கள் சூடம் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

மகாராஜன் போமில் எழுதவில்லை. அது ஒரு தப்பு என்று விட்டுவிடலாம், யாருக்கும் மறக்கும். அதோடு அவன் இன்னொன்றும் செய்து வைத்திருந்தான். தராசுச் சாமான் இல்லையென்றால் இல்லை என்று திரையில் சொல்ல வேண்டும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள் இல்லையா? அதைக் காட்டினால் கஸ்டமர் பயந்துவிடுவார் என்று இவன் அதை எடுத்துவிட்டான். அதற்குப் பதில், தராசு கிடைக்காவிட்டால் சத்தமே இல்லாமல் கையால் எடை அடிக்கிற ஒரு பழைய பெட்டி திரையில் திறந்துகொள்ளும்படி செய்திருந்தான். அந்தப் பெட்டி எப்போதோ ஒரு வெங்காய மண்டிக்காக எழுதியது. அதற்கு முழுக் கிலோதான் கணக்கு. மூன்று கிலோ அறுநூறு என்று புள்ளி வைத்து அடித்தாலும், புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு மூன்று என்று பில் போட்டுவிடும். வெங்காயத்தில் கிராம் போனால் போகட்டும். திருவிழா நேரத்து மல்லிகையில் கிராம் போனால் என்ன ஆகும் என்று பூ வைக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதல் நாள் கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. தராசு எடையைக் காட்டியது, புது சாஃப்ட்வேர் இப்படித்தான் போல என்று கடை ஆள் அதைப் பார்த்து அடித்தான், சீட்டு வந்தது, மடித்து மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் போய்ப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் என் போன் அடித்தது.

“ஏம்மா, என் கடைய மூடச் சொல்லுதியளா?” தங்கப்பழம் அண்ணாச்சிதான் பேசினார். “பூ போட்ட அத்தன பேரும் வாசல்ல நிக்காவ. தராசுல மூணரை காட்டுச்சாம், சீட்டுல மூணுன்னு வந்திருக்கு. நான் எடையில கிராம் கிராமா முழுங்கிட்டேன்னு சொல்லுதாவ. இத்தன வருசத்துல எவனும் என்னையத் திருடன்னு சொன்னதில்லம்மா.”

யோகலட்சுமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் மேஜைக்கு வந்து, அனுப்பின அதே சாஃப்ட்வேரை என் மெஷினில் போட்டு ஓட்டினாள். தராசு பேசவில்லை. வெங்காயப் பெட்டி வந்து நின்றது. கடையின் போமைத் திறந்து காட்டினாள், தராசு ஜார் அதில் இல்லை. அதை எழுதி, மறுபடி கட்டி ஓட்டினாள். தராசு பேசியது. செல்வமணி பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மகாராஜனும் பார்த்தான்.

பார்த்துவிட்டு அவன் சொன்னதைக் கேளுங்கள். “இவ காமன் ஜார்ல ஆப்ஷனல்னு மாத்தலேன்னா இது வந்தே இருக்காது.”

எனக்கு உச்சி வரை ஏறியது. வாசலில் பூட்டுப் போட்டு, சாவியையும் கையில் கொடுத்து, திறந்துகொண்டு போ என்று சொன்னவள் மேல் குற்றமாம். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூங்கியவன் யோக்கியனாம். செல்வமணி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, “அதுவும் சரிதான்” என்றார்.

சரி செய்த சாஃப்ட்வேரைப் பூ மார்க்கெட்டுக்கே எடுத்துப் போய் அன்றைக்கே போட்டுவிட்டு வந்தாள் யோகலட்சுமி. தராசு ஓடியது. ஆனால் முதல் நாள் போன கிராம் போனதுதான். பெட்டி வெட்டிப் போட்டதை எந்த மெஷினிலும் திரும்ப எடுக்க முடியாது. தங்கப்பழம் அண்ணாச்சி ஒரே பிடியாக நின்றார். யார் செய்த தப்பு என்று ஆபீஸ்காரர்கள் வந்து எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும், தன் மேல் விழுந்த திருட்டுப் பட்டம் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு என்றார். அதில் நியாயம் இருந்தது.

இதற்கிடையில் பனவடலிசத்திரத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்குப் பூக் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊர். யோகலட்சுமி கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்ப்பதும் ஊருக்கே தெரியும். பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் பிச்சையா, “ஒன் கம்ப்யூட்டரு எங்க பூவத் தின்னுட்டாமே தாயி?” என்று கேட்டிருக்கிறார். தண்ணீர்க் குழாயில் தங்கத்தாய் காதில் படும்படி பேசியிருக்கிறார்கள். தங்கத்தாயின் பூவிலும்தான் கிராம் போயிருந்தது.

“அம்மா என்ன சொன்னாவ?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. நீ செஞ்சியான்னு கூடக் கேக்கல பானுக்கா. பேசாம சோத்தப் போட்டு வைக்கா. நான்தான்னு முடிவே பண்ணிட்டா போலுக்கு.” எப்போதும் என் பாத்திரத்தைத் திறக்கிறவள் அன்றைக்குத் தொடவில்லை. “ஊரு சொன்னா சொல்லட்டும். எங்கம்மா நெனச்சா நான் என்ன செய்வேன்?”

நீயாகச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். ஊரே பேசும்போது தானாகப் போய் நான் இல்லை என்றால் யார் நம்புவார்கள், ஆபீசிலிருந்து சொன்னால்தான் எடுபடும் என்றாள். முதலாளி சொல்வார் என்று நம்பினாள், பாவம்.

அன்று சாயங்காலம் செல்வமணி அவளைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

“நாளைக்குக் காலையில மார்க்கெட்டுக்கு வந்துரும்மா. தப்பு ஒன்னால வந்ததுன்னு நானே சொல்லுதேன். நீ சும்மா நின்னா போதும்.”

“தப்பு என்னுது இல்லியே அண்ணாச்சி. நீங்களே பாத்தியளே.”

“எனக்குத் தெரியாதா? ஆனா மகாராஜன் போய் நின்னா அடிச்சிருவானுவ. நீன்னா அவிய ஊர்ப் பிள்ள. நம்ம வீட்டுப் பிள்ளதானன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டு விட்டுருவாவ. அதோட முடிஞ்சிரும். தங்கப்பழம் போயிட்டா மார்க்கெட்டே போயிரும் நமக்கு. யோசிச்சுப் பாரு. ஒனக்கும் இங்கன வேல வேணும்லா?”

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். “அண்ணாச்சி, அடுத்தவ பேரக் கெடுத்துப் பொழைக்கது ஹராம். ஒங்க மச்சினன் முதுகக் காப்பாத்த இந்தப் பிள்ள முகத்துல கரியப் பூசுவியளா?” என்று கேட்டேன். “நீ போய் போன எடும்மா” என்றார்.

யோகலட்சுமி, “காலையில வாரேன் அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது. கண்டக்டரிடம் காட்டுகிற வாய் எங்கே போயிற்று? படியில் நிறுத்திக் கேட்டேன். “இத விட்டா அடுத்த வேல சென்னையிலதான் பானுக்கா. அம்மாவால ஒத்தையில பூப்பறிக்க முடியாது” என்றாள்.

மறுநாள் காலை பூ மார்க்கெட். நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை. மகாராஜனுக்குத் தலைவலியாம், வரவில்லை. தங்கப்பழம் அண்ணாச்சி கடை முன்னால் ஈரத் துணியில் கட்டிய பூ மூட்டைகளோடு கூட்டம் நின்றது. செல்வமணி கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். அண்ணாச்சி மேல் ஒரு குற்றமும் இல்லை, கம்ப்யூட்டரில் வந்த கோளாறு, நம்ம யோகலட்சுமி ஒரு சின்ன மாற்றம் செய்ததில் இப்படி ஆகிவிட்டது, சின்னப் பிள்ளை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தேன் ஒழுகப் பேசினார். யோகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு பிச்சையா சொன்னார்: “சரி விடுங்கப்பா. நம்ம ஊர்ப் பிள்ளதான. தெரியாமச் செஞ்சிருக்கும்.”

செல்வமணி சொன்னபடியே நடந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என் காலில் கிடந்ததைக் கழற்றியிருப்பேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து தங்கத்தாய் வந்தாள். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, தலையில் இருந்த மூட்டையை இறக்கி, கடையின் மேஜை மேல் வைத்து அவிழ்த்தாள். அன்றைக்குப் பறித்த பூ அத்தனையும் அதில் இருந்தது.

“எம் மவ கொறச்சத நான் தாரேன். யாருக்கு எவ்வளவு போச்சோ அள்ளிக்கிடுங்க.”

யாரும் கை நீட்டவில்லை. அவள் ரெண்டு கையாலும் அள்ளிப் பிச்சையாவின் மூட்டையில் போட்டாள். “ஏ தங்கத்தாயி, என்ன செய்யுத நீ?” என்று அவர் மூட்டையைப் பின்னால் இழுத்தார். “இல்லண்ணே. விட்டுட்டோம்னு நீங்க சொல்லுவிய. நாளைக்கு எம் மவளக் கட்டப் போறவன் வீட்ல போய் யாராவது சொல்லுவாவ. எனக்கு அது வேண்டாம்” என்று மறுபடி அள்ளப் போனாள்.

யோகலட்சுமி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ம்மா, நிறுத்து. நான் செய்யல.”

“யோகலட்சுமி!” என்றார் செல்வமணி.

“நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தக் கடைக்குத் தராசு வேணும்னு எழுதாம விட்டது மகாராஜன். தராசு இல்லன்னா கடைக்காரருக்குத் தெரியாம வெங்காயக் கணக்குப் பெட்டியத் தெறந்து விட்டதும் அவருதான். அனுப்புததுக்கு முன்னால ஒருதரம் பாத்துருவோம்னு நான் கெஞ்சினேன். பானுக்காட்டக் கேளுங்க.”

“வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணையா, என் கண் முன்னால கெஞ்சுச்சு” என்றேன். மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

“இவுகளுக்கும் தெரியும்” என்று செல்வமணியைக் காட்டினாள். “என்னையத்தான் நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டிய, ஊர்ப் பிள்ளன்னு விட்டுருவியன்னு தெரிஞ்சுதான் என்னையக் கூட்டிட்டு வந்து இங்கன நிறுத்தியிருக்காவ.”

பிச்சையா செல்வமணிக்கு நேராக வந்து நின்றார். “எங்க பிள்ள மேல எங்களுக்கு இருக்க பிரியத்த நீரு வியாபாரம் பண்ண வந்தீராவே?”

செல்வமணிக்கு வேர்த்துவிட்டது. அவரவர் சொல்கிற எடைக்கே கணக்கைத் தீர்த்துவிடுகிறேன், எல்லாம் என் பொறுப்பு என்று கையெடுத்துக் கும்பிட்டார். தங்கப்பழம் அண்ணாச்சி, “எல்லாரும் கேட்டுக்கிட்டியளா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் போகும்போது செல்வமணி அவள் பக்கம் திரும்பி, “நாளையிலேருந்து ஆபீஸ் பக்கம் வராத” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இதுதான் அவள் ஓடிப்போன கதை. நானும் அன்றைக்கே ஆபீஸ் சாவியைக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டேன். மகாராஜன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், தலைவனாகவே இருக்கிறான்.

கூட்டம் கலைந்து அவரவர் பூவை எடைக்கு வைக்கப் போனார்கள். தங்கத்தாய் மேஜையில் சிதறிய பூவைத் துணியில் சேர்த்து அள்ளிக்கொண்டிருந்தாள். யோகலட்சுமி பக்கத்தில் நின்றாள்.

“நெசமாவே நீ செய்யலையாட்டி?”

“செய்யலம்மா.”

“பெறகு ஏன் வீட்ல வாயே தெறக்கல?”

“நீ கேக்கவே இல்லியே. நான்தான்னு நெனச்சுட்டன்னு இருந்தேன்.” அவளும் குனிந்து பூவைப் பொறுக்கினாள். “ஒரு வார்த்த ஏம்மா கேக்கல?”

தங்கத்தாய் பூவை அள்ளுவதை நிறுத்தவில்லை.

“கேட்டு, ஆமான்னு நீ சொல்லிட்டா அத நான் தாங்கணும்லாட்டி. கொடுக்கதுக்குக் கையில பூ இருக்கட்டும், பெறகு கேப்போம்னு இருந்தேன்” என்றாள்.